வலது தோளில் முந்தானை

கனகசபை காலையிலிருந்து ஒரு பெண்ணின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு அச்சகத்துக் கொம்பியூட்டர் திரையில் இருந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கி இப்போது அது ஒரு பலாப்பழத்தின் அளவுக்கு வந்திருந்தது.

"இதில நான் என்னத்தைப் பாக்கவேணும் பிள்ளை?"

"கோட்டைப் பாருங்க ஐயா," என்றாள் சிவரூபி.

பார்த்தார். கறுப்புக் கோடு ஒன்று புருவத்தில் தொடங்கி, மூக்கின் வழியாக இறங்கி, உதட்டுக்கு மேலே வந்து நின்றது. ஒரு கோட்டைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அவருக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து காப்புறுதிக் கம்பனி வேலைக்காகப் பதுளைக்கு வந்து, ஓய்வு பெற்ற பின் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். எரிந்த லொறியைக் காட்டினால் யார் கொளுத்தினார்கள் என்று சொல்வார். ஹாலிஎலையில் காணாமல் போன ஆடொன்றை மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தவர். அவர் போய்ச் சேர்ந்தபோது ஆடு இடியப்பத்துடன் இருந்தது. வழக்குப் பொருள் என்பதால் ஒரு துண்டுதான் சாப்பிட்டார்.

"நேரான கோடாத்தான் கிடக்கு," என்றார் கடைசியில்.

"மூக்கு நேரா ஈந்தா குத்தமில்ல சேர். அத நோட் பண்ணிக்கங்க," என்றார் பின்னால் கடதாசிக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த அலவி.

அலவி அவருடைய உதவியாளர். அதற்கு முன் இருபது வருஷம் பஸ் கொண்டக்டர். ஒரு பொங்கலுக்கு முந்திய நாள் பஸ்ஸில் இருந்த கூட்டத்தில், டிக்கெட் கொடுக்க நீட்டிய கையைத் திரும்ப இழுக்க முடியாமல், ஆள் முன்கதவிலும் கை பின்கதவிலுமாக வெலிமடை வரை போனவர். கை ஐந்து நிமிஷம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது என்று இன்றைக்கும் சொல்வார்.

விஷயம் இதுதான். பதுளைக் கறித்தூள் முதலாளி ஒருவர் தன் புதிய பக்கெட்டின் உறையில் போட ஒரு சித்திரப் பாத்திரம் வரையச் சொன்னார். புஹாரி ஹாஜியாரின் அச்சகத்தில் வேலை செய்யும் சிவரூபி வரைந்தாள். பாத்திரத்தின் பெயர் வீரம்மா. குண்டான பெண், தோளில் உலக்கை, இடுப்பில் ஒரு கை, பார்த்தவுடன் கறி சமைக்கத் தோன்றும் சிரிப்பு. பக்கெட் இன்னும் அச்சுக்கே போகவில்லை. அதற்குள் பண்டாரவளைக் கடைகளில் 'சூரம்மா மிளகாய்த்தூள்' தொங்கியது. அதே பெண், அதே உலக்கை, அதே சிரிப்பு. காதில் ஒரு தோடும் கன்னத்தில் ஒரு மச்சமும் மட்டும் கூடுதல்.

வீரம்மா இருந்தது கொம்பியூட்டரில். அந்தக் கொம்பியூட்டரில் வேலை செய்யத் தெரிந்தவள் அச்சகத்தில் சிவரூபி ஒருத்திதான். ஆகவே விற்றவளும் அவளே என்று ஹாஜியார் முடிவு கட்டிவிட்டார். கனகசபையை அவர் கூப்பிட்டது கள்ளரைக் கண்டுபிடிக்க அல்ல. கண்டுபிடித்தாகிவிட்டது என்று ஒரு பெரிய மனிதர் வாயால் சொல்ல.

"முதல்ல பென்சில்ல வரைவேங்க," என்றாள் சிவரூபி. "அதை ஸ்கேன் பண்ணி, கோரல்னு படம் போடுற புரோகிராம்ல அடியில போட்டுக்கிட்டு, மேல புள்ளி வச்சு வளைப்பேன். கோடு திரும்புற எடத்துல மட்டுந்தான் புள்ளி. இந்த மூக்குக்கு நாலே புள்ளி. இப்ப சூரம்மா மூக்கப் பாருங்க, பக்கெட்ட ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன்."

இன்னொரு பலாப்பழம் வந்தது. இந்தக் கோடு மழைக்குப் பிறகு தோட்டத்துப் பாதை மாதிரி இருந்தது. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு, எங்கும் குண்டும் குழியும்.

"இது கையால போட்டதில்லைங்க. ஒரு படத்தைக் குடுத்தா, கொம்பியூட்டரே ஓரத்தைப் புடிச்சுத் தானா கோடு போட்டுரும். அதுக்கு மூக்கும் தெரியாது, தூசியும் தெரியாது. கறுப்பா எது இருந்தாலும் சுத்திக் கோடு போடும். நான் வித்திருந்தா என் சுத்தமான கோட்டையேல்ல குடுத்துருப்பேன்?"

நல்ல வாதம். கனகசபைக்கு உற்சாகம் வந்தது. புஹாரி ஹாஜியார் உள்ளே வரும் வரை அது நீடித்தது.

"பிடிபடக் கூடாதெண்டு கெடுத்துக் குடுத்தீப்பா," என்றார் ஹாஜியார். "சுத்தமாச் செய்யத் தெரிஞ்சவளுக்கு அசிங்கமாச் செய்யத் தெரியாதா, கனகசபை ஐயா?"

கனகசபை மறுபடி மூக்குகளை ஒப்பிடத் திரும்பியபோது மின்சாரம் போனது. இரண்டு மூக்குகளும் ஒன்றாக மறைந்தன. மேசைக்குக் கீழே, மின்சாரம் போனால் தாங்குவதற்காக வைத்த பெட்டி, தாங்காமல் வாலை மிதித்த பூனை போலக் கத்தத் தொடங்கியது. கனகசபை அதைக் காலால் தள்ளினார். பெட்டி இன்னும் பலமாகக் கத்தியது.

"அஸர் தொழுகை வரைக்கும் பொறுப்பேன்," என்றார் ஹாஜியார். "அதுக்குப் பொறகு அறிவித்தல் சுவத்துல ஏறும்."

அறிவித்தல் மேசையில் இருந்தது. சிவரூபியின் படம். கீழே, 'எச்சரிக்கை. நம்பிக்கைத் துரோகம் செய்த இவருக்கும் எமது அச்சகத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இவரை வேலைக்கு அமர்த்துவோர் கவனம்.'

"நல்ல அமைப்பு," என்றார் அலவி. "யாரு செஞ்சது?"

"நான்தாங்க," என்றாள் சிவரூபி.

கனகசபை கண்ணாடியைக் கழற்றினார். "உன்னைப் பற்றின அறிவித்தலை நீயேவா பிள்ளை செய்தனி?"

"வேற யாருக்கும் கோரல் தெரியாதுங்களே. மாட்டேன்னா பயந்துட்டேன்னு சொல்லுவாரு. நேத்து சாயங்காலமே செஞ்சு குடுத்துட்டேன். முதல் தாள் மங்கலா விழுந்துச்சு, ரெண்டாவதும் எடுத்துக் குடுத்தேன்." அவள் குரல் அதுவரை ஒரு சீராக இருந்தது. "எங்கம்மா தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற மடுவத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கு, மக போட்ட படம் பக்கெட்ல வரப்போகுதுன்னு. இப்ப மக படமே சுவத்துல வரப்போகுது. இதை ஒட்டிட்டா, பதுளையிலருந்து பண்டாரவளை வரைக்கும் ஒரு அச்சகத்து வாசப்படியும் ஏற முடியாதுங்க ஐயா."

கனகசபை சங்கடத்தில் கைக்குக் கிடைத்த தாளை எடுத்து வாசிப்பது போலப் பிடித்தார். பால் நிறத்தில் மினுங்கும் டிரேசிங் தாள். ஓரெழுத்தும் விளங்கவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், தாளைத் தலைகீழாக்கிப் பார்த்தார்.

"அது கலியாண அழைப்புங்க," என்றாள் சிவரூபி. "அச்சுத் தட்டடிக்கப் போற தாளெல்லாம் இடம் வலம் மாறித்தான் எடுப்போம். தட்டுல ஏறி அச்சுல எறங்கும்போது நேராயிரும். வீரம்மா கோட்டுத் தாளும் அப்பிடித்தான் எடுத்து வச்சிருக்கேன், எழுத்தில்லாம படம் மட்டும்."

"எனக்கு மட்டும் ஒண்டும் நேராகுதில்லை," என்று முணுமுணுத்துக்கொண்டு கனகசபை குடையை எடுத்தார்.

*

பண்டாரவளை பஸ்ஸில் அவர் ஒரு கையில் வீரம்மாவின் பிரதியையும் மறு கையில் சூரம்மா பக்கெட்டையும் பிடித்திருந்தார். தெமோதரை கடந்தும் ஒன்றும் புரியவில்லை. பஸ் ஒவ்வொரு வளைவிலும் அவரை அலவியின் மடியில் உட்கார வைத்து எடுத்தது.

"ஏதோ ஒண்டு பிழையாக் கிடக்கு, அலவி. ஆனா என்ன பிழையெண்டு தெரியேல்லை."

"உலக்கைய மாத்தித் தூக்கியீக்கிறா சேர். வீரம்மா வலது தோள்ள. சூரம்மா இடது தோள்ள."

"அதை நானும் கண்டனான். இடதுகைக்காரியா இருக்கலாம்தானே."

"என்ட பொஞ்சாதியும் இடதுகைக்காரிதான். அகப்பை எந்தப் பக்கத்தால வருமெண்டு எனக்கு இன்னும் தெரியா."

கனகசபை எரிச்சலுடன் நிமிர்ந்தார். முன்னால் நாலைந்து பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றார்கள். அவர் ஒரு சேலையைப் பார்த்தார். அடுத்த சேலையைப் பார்த்தார். எல்ல சந்தியில் ஏறிய இரண்டு சேலைகளையும் பார்த்தார். பிறகு பக்கெட்டைப் பார்த்தார். மறுபடி சேலைகளைப் பார்த்தார்.

"என்னங்கய்யா, வயசுக்கேத்த மாதிரி சன்னலுக்கு வெளிய பாருங்க," என்றாள் முன்னால் நின்ற பெண்.

அக்காவைத் 'தாத்தா' என்று கூப்பிடும் அலவி உதவிக்கு வந்தார். "கோவிக்க வாணாம் தாத்தா. சேர் உங்கள பாக்கல்ல. உங்கட முந்தானையத்தான் பாக்குறாரு."

அதன் பிறகு பஸ்ஸில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கனகசபையின் குடை எட்டு மைல் தூரம் அவரைப் பாதுகாத்தது. வெளியே மழை இல்லை என்பது வேறு விஷயம். பண்டாரவளையில் இறங்கியபோது அவர் முகம் மிளகாய்த்தூள் நிறத்தில் இருந்தாலும் கண்ணில் வெளிச்சம் இருந்தது.

"அலவி, முந்தானை எந்தத் தோளில போகும்?"

"திரும்பவுமா சேர்?"

"சொல்லும் காணும்."

"இடது தோள்ள."

"சூரம்மாவுக்கு?"

அலவி பக்கெட்டைப் பார்த்தார். உலக்கை இடது தோளில். முந்தானை வலது தோளில். பொட்டில் இருந்த சிறு சாய்வுகூட மறுபக்கம்.

"உலக்கையைத் தோள் மாத்தலாம்," என்றார் கனகசபை. "ஆனா இந்த மாகாணத்தில ஒரு மனுசியும் முந்தானையை வலது தோளில போடமாட்டா. ஆரோ படத்தை முழுசா இடம் வலம் மாத்திப்போட்டான். வேணுமெண்டு மாத்தேல்லை. மாறினது அவனுக்கே தெரியாது. சேலை உடுத்துற ஒருத்தி இதைச் செய்திருந்தால் உடன கண்டிருப்பாள். கொம்பியூட்டரில இருந்து எடுத்திருந்தா நேராத்தான் இருந்திருக்கும். அப்ப எங்கயிருந்து எடுத்தவன்?"

அலவி மெதுவாக வாயைத் திறந்தார். "தட்டடிக்கிற தாள்."

"அதேதான். கோட்டுத் தாளில எழுத்து ஒண்டும் இல்லை, படம் மட்டும்தான். எழுத்து இருந்தா மாறினது விளங்கியிருக்கும்."

"அப்ப பிள்ள தப்பிட்டா."

"எங்க தப்பினவள்? அந்தத் தாளை அச்சகத்தில இருக்கிற ஆரும் எடுத்திருக்கலாம். அவளும் சேர்த்து." கனகசபை பெருமூச்சு விட்டார். காலையில் ஒருத்தியைச் சந்தேகிக்க வந்தவர் இப்போது அச்சகத்தின் ஏழு பேரையும் சந்தேகிக்க வேண்டியிருந்தது. இதைத்தான் துப்பறியும் துறையில் முன்னேற்றம் என்பார்கள்.

*

பக்கெட் விற்றவர்களிடம் கேட்டறிந்தபடி, சூரம்மாவை வரைந்த கடை பண்டாரவளைக் கடைத்தெருவின் பின்பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒருவர் உள்ளே போவதென்றால் உள்ளே இருப்பவர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் இருக்கும்போது முறை வைத்துத்தான் மூச்சு விட்டார்கள். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவன் பெயர் சதீசன். கண்கள் சிவந்து, தலைமயிர் நட்டுக்கொண்டு, உலகத்தோடு கோபித்த ஆள் போல இருந்தான்.

"சூரம்மா நல்லாயிருக்கு தம்பி," என்றார் கனகசபை, வாடிக்கையாளர் குரலில். "முக்கியமா அந்தத் தோடு. இலை மாதிரித் தோடு. என்ன கற்பனை."

"நானா யோசிச்சதுங்க சார்."

"மச்சமும்?"

"அதுவும்தான். லட்சணத்துக்கு."

"எனக்கும் ஒரு பாத்திரம் வேணும். ஆனா தோடு இல்லாமல். இதிலயே தோட்டை எடுத்துக் காட்டும் பாப்பம்."

சதீசனின் கை எலியின் மேல் அப்படியே நின்றது. "அது... எடுக்க வேணாம் சார். அழகாத்தானே இருக்கு."

"ஒரு காதில மட்டும் தோடு போட்டவளை எங்கட வீட்டில ஏத்தமாட்டினம். எடும்."

அவன் சொடுக்கினான். தோடு போனது. தோட்டோடு காதும் போனது. காதைத் திரும்பக் கொண்டுவந்தான். முந்தானை போனது. முந்தானையைக் கொண்டுவந்தான். கன்னம் உலக்கையோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கோட்டைத் தொட்டால் அதன்மேல் எறும்பு மொய்த்தது போலப் புள்ளிகள் வந்து குவிந்தன. அவன் ஒன்றை அழித்தான், பக்கத்தில் இருந்தது பல் போல நீட்டிக்கொண்டது. அதை அமுக்கினான், மூக்கு வீங்கியது. கொம்பியூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. சூரம்மா வீங்கிய மூக்குடன் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

சதீசன் விசைப்பலகையில் தலையை வைத்தான்.

"ராவெல்லாம் இதேதான் சார். துடைக்கத் துடைக்க அசிங்கமாகுது. காதுல ஏதோ ஒட்டியிருந்துச்சு, கோடு அதையும் சேத்து இழுத்துருச்சு. எடுக்க முடியல. சரி, தோடுன்னு வச்சுக்கிட்டேன். கன்னத்துல ஒரு புள்ளி. சரி, மச்சம். என்ன செய்ய? கையால இழுத்தா ஒரு வளைவு ஒழுங்கா வராது எனக்கு. அந்த மூலத் தாள்ல இருந்த கோடு இருக்கே, பாத்தீங்கன்னா கண்ணுல ஒத்திக்கலாம்."

"எந்தத் தாள்?" என்றார் அலவி, டிக்கெட் கேட்கும் குரலில்.

சதீசன் தலையைத் தூக்கினான். இந்தக் குரலுக்கு டிக்கெட் இல்லாதவன் எவனும் தப்பியதில்லை. "திருடலைங்க. சத்தியமா. பொறுக்குனதுங்க."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு டிரேசிங் தாளை எடுத்து நீட்டினான். நாலாக மடிந்து எண்ணெய் பிடித்த தாள். மங்கலாக அச்சாகியிருந்தாலும் வீரம்மாவை அடையாளம் தெரிந்தது. முந்தானை வலது தோளில். காதோரத்தில் கருகிக் காய்ந்த கறிவேப்பிலை ஒன்று ஒட்டியிருந்தது. கன்னத்தில் ஒரு கடுகு.

கனகசபை தாளை மோந்து பார்த்தார். பிறகு, "உம்மட கற்பனைக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார்.

"வடை சுத்திக் குடுத்தாங்க. பெரகல சந்தியில, பஸ் மாறுற எடத்துல. வீசுற தாள்தானே, யாருக்கும் வேணாம்னு நெனச்சேன். இவ்வளவு அழகா ஒரு ஆளு இருக்கக்க எப்பிடி சார் வீசுறது?"

*

பெரகலையில் பனிமூட்டம். வடைக்கடையை மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் ஹுமைத் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்றார். கனகசபை பஸ்ஸிலேயே வழக்கை முடித்து வைத்திருந்தார். அச்சகத்தில் யாரோ கழிவுத்தாளைக் கள்ளமாக விற்கிறான், அவன் பெயரை ஹுமைத் சொல்லப்போகிறார், சிவரூபி தப்பிவிடுவாள்.

"வடை ரெண்டு. சுத்தித் தாங்க," என்றார் அலவி.

ஹுமைத் பக்கத்திலிருந்த புதுக் கட்டிலிருந்து இரண்டு தாள் இழுத்தார். டிரேசிங் தாள்தான்.

அலவி வடையை வாயருகே கொண்டுபோனார். கனகசபை அவர் கையைப் பிடித்தார். "அது ஆதாரம், அலவி."

"தாள்தானே சேர் ஆதாரம். வடை சாட்சி மட்டுந்தான்." சாட்சியைக் கடித்தார்.

கனகசபை தன் தாளை விரித்தார். எழுத்து இடம் வலம் மாறியிருந்தது. இந்தமுறை கண்ணாடியைக் கழற்றவில்லை. கை கழுவும் இடத்துக்கு மேலே ரசம் போன முகக்கண்ணாடி ஒன்று தொங்கியது. தாளை அதன் முன் பிடித்தார்.

மங்கலாக ஒரு பெண்ணின் படம். கீழே, 'எச்சரிக்கை. நம்பிக்கைத் துரோகம் செய்த இவருக்கும்...'

அவர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு அலவியைக் கூப்பிட்டார். அலவி வாசித்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினார்.

"நேத்துச் சாயங்காலம் அந்தப் பிள்ளை எடுத்த முதல் தாள்," என்றார் கனகசபை. "மங்கலா விழுந்தது எண்டாளே. நாங்கள் இஞ்ச வந்து சேர முதலே இது வந்திட்டுது."

"ஹுமைத் நானா, இந்தக் கட்டு எங்கேருந்து வார?" என்றார் அலவி.

"பதுளையிலேருந்து. இண்டைக்குக் காலம்பொற முதல் பஸ்ஸுலதான் வந்த." ஹுமைத் சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னார். "கடதாசிய வீணாக்கினா அவருக்குத் தூக்கம் வராது. எண்ணெய் உறிஞ்சாத தாள், வடைக்கு நல்லமெண்டு ஒரு வருஷமா அனுப்புறாரு."

"ஆரு?"

"மச்சான்தான். என்ட கூடப்பொறந்த தாத்தாட மாப்புள. அச்சகம் வச்சீக்கிறாரே, புஹாரி ஹாஜியார்."

சட்டியில் வடைகள் புரண்டன. கனகசபை பெஞ்சில் உட்கார்ந்தார். தன்னைக் கூப்பிட்டு, கள்ளரைக் காட்டிக்கொடுத்து, பால் இல்லாத பிளேன்டியும் வாங்கிக் கொடுத்து அனுப்பிய மனிதரை நினைத்தார். வீரம்மாவை வெளியே விட்டது அவர். வெளியே விட்டவள் இவள் என்று அடித்த அறிவித்தலையும் அதே வழியால் வெளியே விட்டது அவர்.

"சேர்," என்றார் அலவி, "இந்தாள் பொலிசுல ஈந்திருந்தா, பிடியாணைய கள்ளன்ட வீட்டுக்கே பார்சல் சுத்தி அனுப்பியிருப்பாரு."

*

பதுளைக்குத் திரும்பிய பஸ், வழியில் கண்ட எல்லோருக்கும் நின்றது. ஆளில்லாத இடத்திலும் யாராவது வரக்கூடும் என்று நின்றது. ஹப்புத்தளையில் மழை பிடித்தது. ஹாலிஎலையில் மரம் ஒன்று விழுந்து கிடந்தது. அதை வெட்டுவதற்குக் கோடரி கொண்டுவரப் போனவர் பிளேன்டி குடித்துவிட்டு வந்தார். கனகசபை ஈரக்குடையைப் பிடித்தபடி பல்லைக் கடித்தார். இருபது வருஷம் பஸ்ஸை நிறுத்தியே பழகிய அலவிகூட இருமுறை மணியடித்தார்.

பதுளை பஸ் நிலையத்தில் இறங்கியதும் அவர்கள் கண்டது சிவரூபியைத்தான். சுவரில். பொதுக் கழிப்பறைப் பக்கம் ஒன்று, வெற்றிலைக் கடை ஓரம் ஒன்று, மருந்துக்கடைக்குப் பக்கத்தில் மூன்று.

"அஸருக்கு இன்னும் பாங்கு சொல்லல்லையே," என்றார் அலவி.

அச்சகத்தில் ஹாஜியார் கணக்காகப் பதில் வைத்திருந்தார். "மழை வாரமாதிரி ஈந்துச்சு. பசை ஆறிடுமெண்டு ஒட்டுறவன் அவசரப்படுத்தினான். எப்பிடியும் அவதானே."

சிவரூபி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கனகசபை இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். முதலில் கறிவேப்பிலை ஒட்டிய வீரம்மா. பிறகு வடை சுற்றிய எச்சரிக்கை.

"இது பண்டாரவளைப் பெடியன் பொறுக்கினது. இது எங்களுக்கு இண்டைக்குச் சுத்தித் தந்தது. பெரகலயில உங்கட மச்சான் கடையில."

ஹாஜியார் ஒரு தாளைத் தொட்டார். விரலில் எண்ணெய் ஒட்டியது. மற்றத் தாளைத் தொட்டார். அச்சுத் தொழிலில் நாற்பது வருஷம் இருந்தவருக்கு இடம் வலம் மாறிய எழுத்தை வாசிக்க முகக்கண்ணாடி தேவையில்லை. வாசித்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மங்கலாக விழுந்த தாளின் நிறத்துக்கு வந்தது.

"கடதாசிய வீசுறது பாவமெண்டுதான்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, தெருவில் கேட்காத குரலில், "மகள், நடந்தது நடந்திட்டுது. உக்காந்து வேலையப் பாருங்க. நாளைக்கு வீரம்மா அச்சுக்குப் போகணும். சூரம்மா ஆக்கள நான் பாத்துக்கிறேன்."

சிவரூபி உட்காரவில்லை.

"சுவத்துல இருக்கே, ஹாஜியார்."

"மழையில ஊறித் தானா விழுந்துரும்."

"நல்ல பசைங்க. நம்ம பசை. விழாது." அவள் குடையை எடுத்தாள். "ஒரு மூலைகூட சுவத்துல இல்லாம எடுத்துட்டு வாங்க. அதுக்குப் பிறகு நான் மெசினைப் போடுறேன்."

"ஆள் அனுப்புறேன்."

"ஆளு வேணாம். நீங்க."

ஹாஜியார் கனகசபையைப் பார்த்தார். கனகசபை கூரையைப் பார்த்தார். ஹாஜியார் அணைந்து கிடந்த கொம்பியூட்டரைப் பார்த்தார். அச்சகத்தில் வேறு எவருக்கும் அதைத் திறக்கவே தெரியாது. இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

மழை விட்டபாடில்லை. மருந்துக்கடைப் பக்கத்துச் சுவரில் அவர் நகத்தால் சுரண்டத் தொடங்கினார். பசை உண்மையிலேயே நல்ல பசை. தாள் கீலம் கீலமாக வந்தது, சுவர்ச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. சிவரூபி பக்கத்தில் குடை பிடித்து நின்றாள். குடை அவளுக்கு மட்டும் போதுமானதாக இருந்தது.

சைக்கிளில் மீன்பெட்டியுடன் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். "என்ன ஹாஜியார், ஒட்டின கையோட கிழிக்கிறீங்க?"

"பிழையா ஒட்டிட்டேன்."

"அப்ப இந்தப் பிள்ள கள்ளி இல்லையா?"

"இல்ல."

"அப்ப கள்ளன் யாரு?"

ஹாஜியார் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "நான்தான்," என்றார், சுவரைப் பார்த்து.

"சுவத்துக்குக் கேட்டுச்சுங்க," என்றாள் சிவரூபி. "அவருக்குக் கேக்கல."

புஹாரி ஹாஜியார் திரும்பினார். தாடியில் பசையும் சுண்ணாம்பும் வழிந்தன. கடைவாசல்களில் மழைக்கு ஒதுங்கி நின்ற அத்தனை பேரும் இப்போது இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"கள்ளி அவ இல்ல," என்றார், தெரு முனை வரை கேட்கும் குரலில். "வெளிய குடுத்தது நான். வடை சுத்துறதுக்கு."

மீன்காரர் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டார். பெட்டியை ஈரச்சாக்கால் மூடினார். மருந்துக்கடைத் தாழ்வாரத்தில் ஒரு காய்ந்த இடமாகப் பார்த்துக் குந்தினார்.

"முதலிலேருந்து செல்லுங்க ஹாஜியார்," என்றார்.